பிரிஜாவின் விமானத்தை ஜெப்சன் இறக்கியது

கருங்கலிலிருந்து புதுக்கடைக்குப் போகிற வழியில், ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய பச்சைக் கேட் வீடு ஜெப்சனுடையது. யாரிடம் விசாரித்தாலும், "பிளேன்ல வேலை பாத்த ஜெப்சனா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். பொய்யில்லை. மஸ்கட் விமான நிலையத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்தான். ஆனால் விமானத்தின் வயிறு வரைக்கும்தான் அவனுக்கு அனுமதி. பெட்டிகளை ஏற்றுவான், இறக்குவான். நம்மூர்க்காரர் கட்டிய பெட்டியைக் கயிற்று முடிச்சை வைத்தே கண்டுபிடிப்பான். வேலை ஓய்ந்த நேரத்தில், மேலே கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருக்கும் இருவரை அண்ணாந்து பார்ப்பான். அவர்கள் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. கடைசியில் முதுகுத்தண்டில் தட்டு விலகி, ஊர் வந்து சேர்ந்தான்.

அவன் மனைவி பிரிஜா டப்ளினில் நர்ஸ். இந்தப் பக்கத்தில் புருஷன் வெளிநாட்டிலும் பெண்டாட்டி வீட்டிலும் இருப்பதுதான் நடைமுறை, இங்கே தலைகீழ். மகள் பெர்லின் நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் மிச்சம் இருவர்: ஜெப்சனும் பிரிஜாவின் அம்மா ராகேலும். மாமியாரோடு வீட்டில் இருக்கும் மருமகனை ஊர் என்னவெல்லாம் சொல்லும் என்று விளக்க வேண்டியதில்லை. ஊர் சொல்ல மறந்ததையும் சேர்த்து அவனே தனக்குச் சொல்லிக்கொள்வான்.

"சும்மா இருந்தா கண்டதும் தோணும், எதாவது படிங்க" என்று பிரிஜாதான் நல்ல கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போனாள். அவன் படித்தது விமானம் ஓட்ட. நிஜ விமானத்தின் காக்பிட்டை அப்படியே திரையில் கொண்டுவரும் சிமுலேட்டர் அது. முதலில் சின்ன விமானம், பிறகு சும்மா இருக்க மாட்டாமல் இருநூறு பேரை ஏற்றும் பெரிய விமானம். அங்கேதான் ஆட்டோபைலட்டிடம் மாட்டினான்.

ஆட்டோபைலட் என்றால் விமானம் தானாக ஓடும், விமானி சாயா குடிப்பார் என்றுதான் ஜெப்சனும் நினைத்திருந்தான். விமானியின் கண்ணுக்கு நேரே நீளமாக ஒரு பலகை. அதில் வேகத்துக்கு ஒரு திருகு, திசைக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, இறங்கும் வேகத்துக்கு ஒன்று. மூவாயிரம் அடி என்று திருகி வைத்துவிட்டு, விமானம் இறங்கும் இறங்கும் என்று காத்துக் கிடந்தான். அது இறங்கவில்லை. திருகியபின் அதைத் தன் பக்கமாக இழுக்க வேண்டும், அப்போதுதான் அது உத்தரவு. இழுக்காவிட்டால் திருகியது நம் மனத்திருப்திக்கு. விமானம் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். இதை வீடியோவில் ஒருவர் சொல்லித்தான் கண்டுபிடித்தான்.

இறங்குவதற்கென்று தனியாக ஒரு பொத்தான், அப்ரோச் என்று பெயர். ரன்வேயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் சாய்வாக மேலே வரும். விமானம் அதைக் கீழேயிருந்து போய்ப் பிடித்தால், பலகைக்குக் கீழேயுள்ள திரையில் நீல எழுத்து பச்சையாகும். பிறகு அது தானே இறங்கிவிடும். மேலே இருந்து வந்தால் பிடிக்காது. நீலம் நீலமாகவே நிற்க, ரன்வே காலுக்கடியில் ஓடிப்போகும். ஜெப்சன் எப்போதும் டப்ளினில்தான் இறக்கிப் பழகினான். அவன் போகாத ஊர், அவள் இருக்கிற ஊர். பத்துத் தடவை முயன்றால் ஒன்றிரண்டு தடவை ஒழுங்காக இறங்கும்.

இனி ராகேலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளை விமானம் ஏறினால் ராகேலுக்கு உபவாசம். பிரிஜா வாசல் தாண்டியதிலிருந்து, "எறங்கிட்டேன் அம்மை" என்று போனில் குரல் கேட்கிறவரைக்கும் ஒரு பருக்கை உள்ளே போகாது. சர்க்கரை மாத்திரையும் அதற்கு வேண்டிய ஒரு மடக்குத் தண்ணீரும் மட்டும் விலக்கு. மாத்திரை சாப்பாடு ஆகாதே என்பது அவள் நியாயம். வெறும் வயிற்றில் அந்த மாத்திரை ஆளையே சாய்த்துவிடும் என்று டாக்டர் சொன்னார், போதகர் சொன்னார், நர்ஸ் மகள் அழுதுகொண்டே சொன்னாள். ராகேல் எல்லோருக்கும் தலையாட்டினாள்.

போன தடவை சாய்த்தே விட்டது. பிரிஜா கிளம்பிய மறுநாள், துணி துவைக்கும் கல்லருகே ராகேல் மயங்கி விழுந்துகிடந்தாள். ஜெப்சன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விமானம் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பசித்தபோதுதான் அதைக் கழற்றினான். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போது டப்ளினிலிருந்து பிரிஜா கேட்டாள்: "எனக்க அம்மை கல்லுமேல கெடக்கா. நீங்க உள்ள பிளேன் ஓட்டிட்டு இருக்கியளா?" வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் துணிபோட்டு மூடினான். சில மாதம் தொடவில்லை. பிறகு தொட்டான்.

இந்த வருஷம் பிரிஜா கிறிஸ்துமசுக்கு வந்து, ஜனவரியில் திரும்பினாள். ராத்திரி திருவனந்தபுரத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, விடிய வீடு திரும்பிய ஜெப்சன், முதல் வேலையாகக் கஞ்சி வைத்தான். பயறும் தொட்டுக்கொள்ள மாங்காய்த் தொவையலும் செய்தான்.

"மாமி, ரெண்டு வாய் குடிச்சிருங்க."

"பிள்ளை எறங்கட்டு மக்கா."

"அது எறங்க அந்தி ஆவும். மாத்திரை போட்டுராதீங்க, கேட்டியளா?"

"அது அப்பமே போட்டாச்சே."

ஜெப்சன் கெஞ்சினான், கோபப்பட்டான். அவள் வேதப்புத்தகத்தைத் திறந்துகொண்டாள். ஒன்றும் செய்யத் தெரியாதபோது எப்போதும் செய்கிற காரியத்தை அவன் அப்போதும் செய்தான். அறைக்குள் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டான். ஹெட்போன் மாட்டவில்லை, கதவைத் திறந்தே வைத்தான். அதுவே பெரிய திருத்தம் என்று நினைத்துக்கொண்டான்.

விமானம் டப்ளினை நெருங்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் காலடி கேட்டது. கீழே விழுந்ததிலிருந்து ராகேல் அந்த அறைப் பக்கம் வந்ததில்லை. முன்னறையில் தனியாக இருக்க அவளால் முடியவில்லை போலிருக்கிறது. திரையில் மேகத்துக்கு மேலே விமானம், பிரிஜா ஏறிப்போன அதே கம்பெனியின் நிறம் பூசிய வாலோடு.

"இது பிள்ளை போற பிளேனா மக்கா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்தான். அந்த ஒரு நொடியில்தான் அந்த யோசனை வந்தது. இது இறங்கிவிட்டால் இவள் கஞ்சி குடிப்பாள்.

"ஆமா மாமி. பிரிஜாக்க பிளேன்தான்."

"அந்தி ஆவும்னியே?"

"காத்து நல்லா தள்ளுது. இன்னும் அரை மணிக்கூறுல எறங்கிரும். எறங்கினா கஞ்சி குடிப்பியளா?"

"எறங்கினா பின்ன எதுக்கு பட்டினி? குடிப்பேன்."

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு அவனருகே உட்கார்ந்தாள். விமானத்தின் ஜன்னல் வரிசையில் விரலை ஓட்டினாள்.

"இதுல எந்த ஜன்னல்ல இருக்கா?"

பொய் சொன்னவனுக்கு சீட் சொல்வதா கஷ்டம்? "றக்கைக்குப் பின்னால, அந்தா, அது" என்று ஒன்றைக் காட்டினான். ராகேல் அந்த ஜன்னலின்மேல் விரலை வைத்தாள், எடுக்கவில்லை. ஜெப்சனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காக்பிட்டுக்குள் காட்சியை மாற்றிக்கொண்டான். திருகுகளைத் தொட்டபோது, "நீ என்னத்த திருக்குக?" என்று கேட்டாள். "தெளிவா தெரிய வைக்கேன்" என்றான்.

நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. திசை சரி, வேகம் சரி. கதிரைக் கீழேயிருந்து பிடிக்க வேண்டுமானால் இப்போதே உயரத்தைக் குறைக்க வேண்டும். மூவாயிரத்தைத் திருகி வைத்தான். இழுக்கப் போனபோது ராகேல் அவன் வலது கையைப் பற்றிக்கொண்டாள்.

"எறங்க போவுதுல்லா? கண்ண மூடு. ஜெபம் பண்ணுவோம்."

ஜெபத்துக்கு நீட்டிய கையை, "இருங்க மாமி, பிறகு" என்று விலக்குகிறவன் அந்த வட்டாரத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஜெப்சன் கண்ணை மூடினான். ராகேலின் ஜெபம் பெண்கள் ஐக்கியக் கூட்டத்திலேயே பேர்போனது. சுருக்கமாக ஜெபிக்கவும் என்று தலைவி இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிட்டாள். வானத்தையும் பூமியையும் படைத்தவரிடம் தொடங்கி, சபைக்கு வந்து, தரையிலும் கடலிலும் ஆகாயத்திலும் போகிறவர்களுக்கு வந்து, இந்த விமானத்தின் விமானிக்கு, அவர் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு, சாப்பாடு கொடுக்கிற பெண்களுக்கு, பக்கத்து சீட்டில் இருப்பவர்களுக்கு என்று ஒருவரையும் விடவில்லை. ஜெப்சன் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தான். உயரம் குறையவே இல்லை. கையை அசைத்தான். அவள் இன்னும் இறுக்கினாள்.

"எனக்கு ஒரு மொவனத் தராத கர்த்தாவே, இந்த மருமவனத் தந்தீரே. எனக்க பிள்ளை போற வழிய எனக்குக் காட்டித்தாறானே. அவனுக்க கைய ஆசீர்வதியும்."

அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஜெப்சனுக்குத் தெரியவில்லை. ஆமென் சொல்லி அவள் விட்டபோது, ரன்வே கண்ணெதிரே கிடந்தது. விமானம் வெகு உயரத்தில் இருந்தது. அப்ரோச் பொத்தானை அமுக்கினான். நீலம். நீலமாகவே நின்றது.

"ஏன் மக்கா எறங்கல்ல?"

மேலே தூக்கி, ஒரு வட்டமடித்துத் திரும்ப வரலாம். வெள்ளைச் சட்டைக்காரர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் பக்கத்தில் மாத்திரை விழுங்கிய வெறும் வயிற்றோடு ஒருத்தி இருந்தாள். ஜெப்சன் உயரத்தைக் கடைசிவரை குறைத்துத் திருகினான். இறங்கும் வேகத்தைத் திருகக்கூடிய அளவுக்குத் திருகி, இழுத்தான். ஆட்டோபைலட் மறுபேச்சுப் பேசவில்லை. மூக்கைத் தாழ்த்தியது. எச்சரிக்கைக் குரல் கத்தியது. ஆட்டோபைலட்டைத் துண்டித்துவிட்டு, தானே தூக்கப் பார்த்தான். பச்சை வயல் திரை முழுக்க எழுந்து வந்தது. பிறகு திரை கறுத்துவிட்டது.

ராகேல் கத்தவில்லை. "எனக்க மோளே" என்றாள், பக்கத்து அறையில் இருக்கிறவளைக் கூப்பிடுவதுபோல. இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

ஜெப்சன் நாற்காலியிலிருந்து வழுக்கி அவள் காலருகே உட்கார்ந்தான். "மாமி, ஒண்ணும் ஆவல்ல. இது வெளையாட்டு. கம்ப்யூட்டர்ல உள்ள பொம்மை பிளேன். பிரிஜாக்க பிளேன் இல்ல. நான் பொய் சொன்னேன். நீங்க கஞ்சி குடிக்கணும்னு பொய் சொன்னேன்."

"எனக்க மனச தேத்தண்டாம் மக்கா."

"தேத்தல்ல மாமி, சத்தியமா."

அவன் மறுபடி விமானத்தைக் கொண்டுவந்தான். அதே வால், அதே மேகம். "பாருங்க, அதே பிளேன், திரும்ப வருது." ராகேல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போன பிள்ளைய எனக்குப் படம் போட்டுக் காட்டாத."

செல்போனை எடுத்தான். உலகத்தில் எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஆப் அவனிடம் இருந்தது. காலையிலேயே இதைக் காட்டியிருக்கலாம். பிரிஜாவின் நிஜ விமானம், மஞ்சளாகச் சின்னது, அரபுப் பாலைவனத்தைத் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தது. "இதுதான் மாமி. இதுதான் நெசம்."

ராகேல் அதை வெகுநேரம் பார்த்தாள். "இதுவும் நீ செய்ததுதானே?"

இல்லை என்று சொல்லலாம். சொல்கிற வாயைத்தான் அவன் காலையிலேயே கெடுத்து வைத்திருந்தான்.

அவள் முன்னறைக் கட்டிலில் போய்ப் படுத்தாள். கஞ்சியைக் கொண்டுபோனான். சீனித் தண்ணீரைக் கொண்டுபோனான். "நீ இப்பம் சொல்லியது நெசம்னா அவ இன்னும் மேலதானே இருக்கா? பின்ன நான் எப்பிடி திங்கது?" என்றாள். "முன்ன சொன்னது நெசம்னா, பின்ன எதுக்கு திங்கது?" எந்தப் பக்கம் போனாலும் அவள் வாய் திறக்காதபடி அவனே அடைத்துவிட்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், வீட்டில் போன் அடித்தால் யார் எடுப்பார்கள் என்று கேட்டாள். டப்ளினுக்குப் போன பிள்ளை ஜெப்சனின் செல்போனிலும் கூப்பிடலாம் என்று அவளுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் தாண்டியதும் அவள் நெற்றி வியர்த்தது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கையைத் தொட்டான், சில்லென்று நடுங்கியது. விரலில் குத்தி சர்க்கரை பார்க்கும் கருவி காட்டிய எண் ஐம்பதுக்கும் கீழே இருந்தது. "மாமி, வாயத் தெறங்க." பல்லைக் கடித்துக்கொண்டாள். கண் மேலே செருகத் தொடங்கியது. ஜெப்சன் அவள் தாடையைப் பிடித்து, உதட்டை விலக்கி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே விரலால் சீனியைத் திணித்தான். அவள் பலமில்லாத கையால் அவன் நெஞ்சைத் தள்ளினாள். அவன் இன்னும் திணித்தான். கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் நின்றது. கண் தெளிந்தது. தெளிந்த கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"உபவாசத்த முறிச்சிட்டியே மக்கா. அதுலல்லா அவளுக்க பிளேன் நின்னுது."

ஒரு கிழவியின் பட்டினியில் விமானம் நிற்காது என்று ஜெப்சனுக்குத் தெரியும். எதில் நிற்கிறது என்பதையும் அவன் ஒரு வருஷத்துக்கு மேலாகப் படித்திருக்கிறான். ஆனாலும் அந்த நிமிஷத்திலிருந்து அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. செல்போனில் அந்த மஞ்சள் விமானத்தைப் பார்த்தபடியே இருந்தான். சிக்னல் விட்டு அது ஓரிடத்தில் அசையாமல் நின்றபோதெல்லாம், கர்த்தாவே, இவள் முறிக்கவில்லை, நான்தான் முறித்தேன், என்னை மட்டும் கணக்கில் எடும் என்று உள்ளுக்குள் மன்றாடினான். இடையிடையே ராகேலின் விரலில் குத்திப் பார்த்தான். அவள் கையைத் தந்தாள். கஞ்சி ஆறி ஆடை படர்ந்து கிடந்தது. அவனும் தொடவில்லை.

வெளிச்சம் மங்கி, கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு போன் வந்தது. ஜெப்சன் ஒலியைக் கூட்டி ராகேலின் காதருகே வைத்தான்.

"அம்மை, எறங்கிட்டேன்."

ராகேல் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஜெப்சனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனில் கேட்டாள்: "நீ சின்னதுல எங்க விழுந்து கால ஒடிச்ச?"

"என்ன அம்மை?"

"சொல்லு மோளே. எங்க விழுந்த?"

"கயித்துக் கட்டில்ல ஏறிச் சாடி, ஆட்டுக்கல்லுமேலல்லா விழுந்தேன்? நீ கைல கெடச்ச அகப்பையாலயும் ஒண்ணு தந்தியே. என்னத்துக்கு இப்பம் இதக் கேக்க?"

அந்தக் கேள்வி மகளுக்கு அல்ல, தனக்கு என்று ஜெப்சனுக்குப் புரிந்தது. பெற்ற பிள்ளையின் குரலையும் இவன் செய்து காட்டியிருப்பானோ என்று அவள் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ராகேல் தலையணையில் முகத்தைப் புதைத்து விம்மினாள்.

"அம்மை ஏன் கரையிறா? ஏங்க, கேக்குதா? அம்மை காலைலருந்து ஏதாவது தின்னாளா?"

ஜெப்சன் போனைக் கையில் எடுத்தான். ராகேல் நிமிர்ந்து, ஈரக் கண்ணோடு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குரல் வெளியே கேட்காதபடி சொன்னாள்: "தின்னாச்சுன்னு சொல்லு மக்கா. உன்னத்தான் ஏசுவா."

காலையில் அவன் சொன்ன பொய்யைவிட இது எவ்வளவு சின்னது. சொல்லிவிட்டால் ராத்திரியோடு முடிந்துவிடும். பிரிஜா நன்றிகூடச் சொல்வாள்.

"இல்ல பிரிஜா" என்றான். "மாமி ஒண்ணும் தின்னல்ல. வாயப் பொளந்து சீனி திணிச்சேன். நீ செத்துப் போனேன்னு நம்பிட்டு கெடந்தா. நாந்தான் அப்பிடி நம்ப வச்சேன்."

அவன் கட்டிலின் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான்.

"போன வைக்காத பிரிஜா. நான் முதல்ல இருந்து சொல்லியேன்" என்றான்.